எது பெஸ்ட் என்று கேட்பதற்கு முன்: ஆர்பிஜி கேமில் ஐட்டமும் லூட்டும்

ஆர்பிஜி கேமுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுல எது பெஸ்ட் வாள்?" என்றுதான். லீவு நாட்களில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பகடை, பென்சில், நோட்டு வைத்து ஆடும் ஆட்டத்திலும் என் அக்கா மகன் இதையேதான் கேட்பான். நான் திருப்பிக் கேட்பேன்: யார் கையில்? எதை எதிர்த்து? அதை எடுக்க எதைக் கீழே வைக்கப் போகிறாய்? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் எந்த கேமிலும் ஐட்டம் பக்கத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) என்பது ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வைத்தியராகவோ வேடம் ஏற்று ஆடுவது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதற்கெல்லாம் மூத்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவது அது. பின்னால் வந்த கம்ப்யூட்டர் கேம்கள் பெரும்பாலும் அதன் கணக்கைத்தான் எடுத்து ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டன. அதனால் மேசை ஆட்டத்தின் கணக்கு பிடிபட்டுவிட்டால் போனில், கம்ப்யூட்டரில் ஆடுவதும் பாதி புரிந்த மாதிரிதான்.

எங்கள் ஆட்டத்துக்கு உலகம் இந்த ராமநாதபுரம் கரைதான். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஊர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூதங்கள், ராட்சத நண்டுகள். நிஜத்தில் அவை தட்டையான பவளத் தீவுகள், குகைக்கு வழியே கிடையாது. ஆட்டத்தில் குருசடைத் தீவுக்கு அடியில் அடுக்கடுக்காகக் குகை உண்டு, ஒவ்வோர் அடுக்கிலும் பெட்டி உண்டு. கீழே வரும் உதாரணங்களில் பாதி அங்கிருந்து எடுத்தவை. மீதி எல்லோரும் ஆடும் பெரிய கேம்களிலிருந்து.

மூட்டையில் இருப்பதும் மேலே போட்டிருப்பதும்

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கிற எல்லாப் பொருளும் இன்வென்டரி. அதில் உடம்பில் மாட்டியிருப்பதும் கையில் பிடித்திருப்பதும் மட்டும் எக்விப்மென்ட். மூட்டைக்குள் பத்து வாள் கிடந்தாலும் சண்டையில் கையில் இருக்கும் வாள்தான் வெட்டும். போனில் ஆடத் தொடங்கிய பிள்ளைகள் நல்ல கவசத்தை ஜெயித்து எடுத்து மூட்டையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், அடிவாங்குவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்தால் போதாது, மாட்ட வேண்டும்.

மாட்டுவதற்கு இடம் குறைவு. அதைத்தான் ஸ்லாட் என்கிறோம். தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கைக்கு, காலுக்கு, கழுத்துக்கு, விரலுக்கு ஒன்றிரண்டு மோதிரம் என்று கேமுக்குக் கேம் எண்ணிக்கை மாறும். இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய வாளை எடுத்தால் கேடயம் பிடிக்கக் கை இருக்காது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: சக்தி மிகுந்த மந்திரப் பொருட்களோடு ஒருவர் தன்னை இணைத்துக்கொண்டால்தான் அவை முழுதாக வேலை செய்யும், ஒரே சமயத்தில் மூன்றோடு மட்டுமே இணையலாம். நான்காவதாக எவ்வளவு அற்புதமான மோதிரம் கிடைத்தாலும் பழையதில் ஒன்றை விட்டாக வேண்டும்.

விளையாட்டின் உயிரே இந்தத் தட்டுப்பாடுதான் என்பேன். இடம் இருக்கிற வரைக்கும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே போகலாம் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

அடி: பெரிய எண் எப்போது தோற்கும்

ஐட்டத்தின் மேல் எழுதியிருக்கும் எண்களில் எல்லோர் கண்ணும் முதலில் போவது டேமேஜ், அதாவது ஓர் அடியால் எதிரிக்கு ஆகும் சேதம். ஒரு கத்தி 20 என்கிறது, ஒரு கோடரி 60 என்கிறது. கோடரிதானே பெரிசு?

கத்தி நொடிக்கு இரண்டு தரம் குத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடரியை ஓங்கி இறக்க இரண்டு நொடி ஆகும். இப்போது கணக்குப் போடுங்கள். கத்தி நொடிக்கு 40, கோடரி நொடிக்கு 30. ஓடு இல்லாத ஒரு ராட்சதக் கணவாயை அடிக்கும்போது கத்திதான் சீக்கிரம் முடிக்கும்.

அடுத்த அறையில் ராட்சத நண்டு. அதன் ஓடு, விழுகிற ஒவ்வோர் அடியிலும் 10-ஐ உறிஞ்சிக்கொள்ளும். கத்தியின் 20 பாதியாகி 10 ஆகிறது. நொடிக்கு இரண்டு குத்து, ஆக 20. கோடரியின் 60-ல் 10 போனால் 50. இரண்டு நொடிக்கு ஒன்று, ஆக நொடிக்கு 25. கோடரி முந்திவிட்டது. ஓடு இன்னும் தடித்து 20-ஐ உறிஞ்சினால் கத்தியால் ஒரு கீறல்கூட விழாது, கோடரி மட்டும் நொடிக்கு 20 என்று வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கத்தியும் மாறவில்லை, கோடரியும் மாறவில்லை. எதிரி மாறினான், பெஸ்ட் மாறிவிட்டது. இந்த ஓர் உதாரணத்தைப் பிள்ளைகளுக்குத் தாளில் எழுதிக் காட்டிய பிறகு எங்கள் மேசையில் "எது பெஸ்ட்" என்ற கேள்வி குறைந்து, "அடுத்த அறையில என்ன இருக்கும்?" என்ற கேள்வி வரத் தொடங்கியது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பகடை ஆட்டத்தில் டேமேஜ் ஒரே எண்ணாக நிற்காது, ஒரு வீச்சாக வரும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பெரிய கோடரிக்கு 12 பக்கப் பகடை ஒன்று. பெரிய வாளுக்கு 6 பக்கப் பகடை இரண்டு. கோடரியின் சராசரி 6.5, வாளின் சராசரி 7. வித்தியாசம் அரை எண்தான், ஆனால் கையில் பிடித்து ஆடினால் குணமே வேறு. கோடரியில் 1 விழுவதும் 12 விழுவதும் சம வாய்ப்பு. வாளில் 1 விழவே விழாது. 36 விதமாக விழும் இரண்டு பகடையில் 12 வருவது ஒரே விதத்தில்தான். பெரும்பாலும் 5 முதல் 9 வரை என்று நடுவிலேயே நிற்கும். நம்பி இறங்க வேண்டும் என்றால் வாள். ஒரே அடியில் சாய்த்தாக வேண்டும், தவறினாலும் பாதகமில்லை என்றால் கோடரி.

காப்பு: படாமல் தப்புவதும் பட்டும் தாங்குவதும்

கவசத்தில் புதியவர்கள் குழம்புவதற்குக் காரணம் உண்டு. காப்பு இரண்டு வகை, கேமுக்குக் கேம் மாறும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவசம் அடி விழாமலே பார்த்துக்கொள்ளும். அடிப்பவர் 20 பக்கப் பகடை உருட்டி, தன் திறமைக்கான எண்ணைக் கூட்டுவார். உங்கள் கவச எண்ணை எட்டினால்தான் அடி விழும். தோல் கவசத்துக்கு 11, அதோடு உங்கள் சுறுசுறுப்புக்கான எண்ணும் சேரும். உடம்பு முழுக்க இரும்புத் தகடு பூட்டிய பிளேட் கவசத்துக்கு 18, அதில் சுறுசுறுப்பு சேராது. கேடயம் பிடித்தால் எதனோடும் 2 கூடும். ஒரு பூதம் 5-ஐக் கூட்டி அடிக்கிறது என்று வையுங்கள். சுறுசுறுப்பு 3 உள்ள ஆள் தோல் கவசத்தோடு நின்றால் அவன் எண் 14. பூதத்துக்கு 60 சதவீத வாய்ப்பு. பிளேட் போட்டவனின் எண் 18, பூதத்துக்கு 40. அவனே கேடயமும் பிடித்தால் 30. வெறும் 2 என்று எழுதியிருக்கும் கேடயம், விழ வேண்டிய அடிகளில் நான்கில் ஒன்றைத் தடுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் கேம்களில் பெரும்பாலும் அடி விழும், விழுந்த அடியில் இத்தனை சதவீதத்தைக் கவசம் குறைக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கவசமே இல்லாதவன் 10 சதவீதக் காப்புக் கவசம் போட்டால், 100 அடி 90 ஆகும். ஏற்கெனவே 70 சதவீதம் உள்ளவன் இன்னொரு 10 சேர்த்து 80-க்குப் போனால், அவனுக்கு விழுந்துகொண்டிருந்த 30 அடி 20 ஆகும். அதே 10 சதவீதம்தான். முதல் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, இரண்டாம் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கவசத்தில் ஏற்கெனவே தேறியவனுக்குத்தான் மேலும் கவசம் அதிகம் பயன்படுகிறது. இது கட்டுமீறிப் போகக் கூடாது என்றே கேம் செய்பவர்கள் உச்சவரம்பு வைக்கிறார்கள். 2011-ல் வந்த ஸ்கைரிமில் அந்த வரம்பு 80 சதவீதம். அதைத் தொட்ட பிறகு கவசத்தில் போடும் காசு வீண், வேறெதிலாவது போடலாம்.

உங்கள் கேமில் எந்த வகைக் காப்பு என்று தெரிந்துகொள்ள, கவசத்தின் மேல் விரலை வைத்தால் வரும் விளக்கத்தைப் படியுங்கள். பத்து நொடி வேலை. செய்கிறவர்கள் குறைவு.

கனம்

கனத்தைப் பற்றிப் புதியவர்கள் நினைப்பதே இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உங்கள் பலத்துக்கான எண்ணை 15-ஆல் பெருக்கினால் வரும் பவுண்டு வரை சுமக்கலாம். பலம் 10 என்றால் 150 பவுண்டு. பிளேட் கவசம் மட்டும் 65 பவுண்டு, விலை 1500 பொற்காசு. காசுக்கும் கனம் உண்டு: 50 காசு ஒரு பவுண்டு. ஆக, கவசம் வாங்கக் கொண்டுபோகும் காசே 30 பவுண்டு! பெரிய புதையலைக் கண்டுபிடிப்பது ஒரு கதை என்றால், அதைத் தீவிலிருந்து கரைக்குக் கொண்டுவருவது தனிக் கதை. எங்கள் ஆட்டத்தில் நாட்டுப்படகு ஒன்றில் எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அந்த வாக்குவாதத்துக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

பலம் 15-க்குக் குறைந்தவர் பிளேட் போட்டால் நடை வேகம் 10 அடி குறையும். யார் போட்டாலும் ஓசை கேட்கும், ஒளிந்து போவது கடினம். அதை மாட்ட 10 நிமிடம், கழற்ற 5 நிமிடம். கடற்கரையில் ஆடுகிறவர்களுக்கு இந்த 5 நிமிடம் பெரிய விஷயம். படகு கவிழ்ந்த பிறகு 5 நிமிடம் யார் தருவார்கள்? அதனால் எங்கள் மேசையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பாம்பன் கால்வாயைத் தாண்டும்போது தகடுக் கவசம் மூட்டையில்தான் இருக்க வேண்டும். இது புத்தகத்தில் இல்லை, இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் தாங்களாகப் போட்டுக்கொண்டது.

கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தால், 2022-ல் வந்த எல்டன் ரிங்கில் சுமக்கும் திறனில் 30 சதவீதத்துக்குள் நின்றால் வேகமாக உருண்டு தப்பலாம், 70 வரை நடுத்தரம், அதற்கு மேல் ஆமை வேகம், 100-ஐத் தாண்டினால் உருளவே முடியாது. கனமான கவசம் அடியைத் தாங்கும், லேசான கவசம் அடியைத் தவிர்க்கும். இரண்டில் எது என்பது உங்கள் விரல் வேகத்தைப் பொறுத்தது.

லூட் எங்கிருந்து வருகிறது

எதிரி சாய்ந்ததும் கீழே விழுவதும், பெட்டியைத் திறந்தால் கிடைப்பதும்தான் லூட். விழுவதை டிராப் என்பார்கள். என்ன விழும் என்று முடிவு செய்வது ஒரு பட்டியலும் ஓர் எண்ணும். மேசையில் பகடை உருட்டுகிறோம், கம்ப்யூட்டர் தனக்குள் உருட்டிக்கொள்கிறது.

எங்கள் குகைப் பெட்டிக்கு 1 முதல் 100 வரை எண் விழும்படி இரண்டு பத்துப் பக்கப் பகடை உருட்டுவோம். 55 வரை விழுந்தால் செப்புக்காசும் கருவாடும். 80 வரை விழுந்தால் உதவும் சாமான்: கயிறு, விளக்கெண்ணெய், மருந்துக் குப்பி. 94 வரை நல்ல ஆயுதமோ கவசமோ. 99 வரை மந்திரப் பொருள். சரியாக 100 விழுந்தால் மட்டும், உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு என்று நாங்கள் பெயர் சூட்டி வைத்திருக்கும் பொருள். நண்டைக் கொன்றால் இந்தப் பட்டியல் செல்லாது. நண்டிடம் வாள் எப்படி இருக்கும்? அதன் ஓடுதான் கிடைக்கும். ஓட்டைச் சாயல்குடிக் கொல்லரிடம் கொடுத்தால் கேடயம் அடித்துத் தருவார். கம்ப்யூட்டர் கேம்களில் கிராஃப்டிங் என்பது இதேதான்: விழுந்த மூலப்பொருளைச் சேர்த்து, வேண்டியதைச் செய்துகொள்வது. எதைக் கொன்றோமோ அதற்குப் பொருத்தமாக விழுகிற லூட் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஓநாய் வயிற்றிலிருந்து இரும்புக் கவசம் விழுகிற கேம்களில் உலகத்தை நம்ப மனம் வராது.

அபூர்வத்துக்கு நிறம் கொடுப்பது வழக்கம். 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று கீழிருந்து மேல் ஏறும். பிறகு வந்த பல கேம்கள் அதே வரிசையைப் பின்பற்றுகின்றன. 2000-ல் வந்த டையாப்லோ 2-வில் நீலம் மந்திரப் பொருள், மஞ்சள் அபூர்வம், பச்சை என்றால் ஒன்றோடொன்று சேர்ந்து பலன் தரும் செட். அந்த ஊர்ப் பச்சையும் இந்த ஊர்ப் பச்சையும் ஒன்றாகாது.

நிறம் சொல்வது அது எவ்வளவு அரிதாக விழும் என்பதை. உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை அது சொல்லாது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: மூட்டை மூட்டையாகச் சங்கு எடுத்த கைக்கு ஒரு வலம்புரி அகப்படுவது பெரும்பாடு, அகப்பட்டால் அதன் விலையே வேறு, ஆனால் வளையல் அறுக்கிறவருக்குச் சாதாரணச் சங்கே போதும். ஊதா நிற மந்திரக்கோல் உங்கள் வில்லாளிக்கு அப்படித்தான். விற்றால் காசு, கையில் வைத்திருந்தால் கனம்.

இனி வாய்ப்புக் கணக்கு. ஒரு வாள் விழ 1 சதவீத வாய்ப்பு என்றால், நூறு தரம் கொன்றால் கட்டாயம் விழும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கிடையாது. ஒவ்வொரு தரமும் விழாமல் போக 99 சதவீதம். அதை நூறு தரம் பெருக்கிக்கொண்டே போனால் ஏறக்குறைய 37 சதவீதம் வரும். அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு தரம் கொன்றால் சுமார் 37 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். 90 சதவீத நம்பிக்கை வேண்டுமென்றால் 230 தரம் கொல்ல வேண்டும். "இத்தனை தரம் விழலை, அடுத்தது விழுந்தே தீரும்" என்பதும் தவறு. பகடைக்குப் பழசு ஞாபகம் இருக்காது.

ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்த கேம்களும் உண்டு. 2020-ல் வந்த கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். ஆனால் 90-ஆவது முயற்சிக்குள் ஒன்று கட்டாயம் கிடைக்கும்படி உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். இதற்குப் பிட்டி என்று பெயர். இப்படிப்பட்ட கேம்களில் முயற்சி என்பது பெரும்பாலும் காசு என்பதால், இங்கே வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகளுக்கு லூட் பாக்ஸ் என்று பெயர். 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. ஆடி ஜெயித்து எடுக்கும் பெட்டியும் காசு கட்டித் திறக்கும் பெட்டியும் திரையில் ஒரே மாதிரி மின்னும். பிள்ளைக்கு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள், போனில் பணம் போகும் வழிக்குப் பூட்டும் போட்டு வையுங்கள்.

பெயரில் இருக்கும் சங்கதி

டையாப்லோ வகைக் கேம்களில் ஒரே வேல் ஆயிரம் விதமாக விழும். அடிப்படை வேல் ஒன்று. அதன் பெயருக்கு முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் ஓர் ஒட்டு. ஒவ்வோர் ஒட்டுக்கும் ஒரு குணம். எங்கள் ஆட்டத்தில் முன்ஒட்டுக்குக் காற்றின் பெயர் வைத்திருக்கிறோம். வாடை வேல் குத்தினால் எதிரி குளிரில் விறைத்து மெதுவாவான். கச்சான் வேல் எதிரியைப் பின்னால் தள்ளும். கொண்டல் வேல் குத்தினவனின் காயத்தைக் கொஞ்சம் ஆற்றும். இதற்குப் பின்ஒட்டாகத் தீ, விஷம், வெளிச்சம். நான்கு முன்ஒட்டும் நான்கு பின்ஒட்டும் எழுதி வைத்தால் ஒரே வேலிலிருந்து 16 வேல். பட்டியல் எழுதுகிறவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஒட்டின் அளவும் பகடையில்தான் விழும். தீ 5 முதல் 15 வரை என்றால், ஒரே பெயருள்ள இரண்டு வேலில் ஒன்று 6, இன்னொன்று 14. பெயரைப் பார்த்து விற்றுவிடாதீர்கள், எண்ணையும் பாருங்கள்.

தெரியாத மோதிரம்

கிடைத்த பொருள் இன்னதென்று உடனே தெரியாமல் இருப்பது எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம். 1980-ல் வந்த ரோக் என்ற பழைய கேமில் குப்பிகளுக்கு நிறம் மட்டும்தான் தெரியும்; எந்த நிறம் எந்த மருந்து என்பது ஒவ்வொரு புது ஆட்டத்திலும் மாறிவிடும். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். அது காயத்தை ஆற்றினாலும் ஆற்றலாம், கண்ணைக் குருடாக்கினாலும் ஆக்கலாம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு பொருளை அடையாளம் காண மந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கையில் இருக்க வேண்டியது 100 பொற்காசு மதிப்புள்ள ஒரு முத்தும் ஓர் ஆந்தை இறகும். முத்துக்குளித்துறைக்குப் பேர்போன மன்னார் வளைகுடாக் கரையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது, எங்கள் ஆட்டத்துக்கு இந்த உலகத்தைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது. முத்துச் சிப்பி தேடிக் கடலுக்குப் போவதே ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குவெஸ்ட், அதாவது தேடல் பயணம். முத்து இல்லாதவர்கள் ஒரு மணி நேரம் ஓய்வாக உட்கார்ந்து பொருளோடு பழகினாலும் அதன் குணம் தெரிந்துவிடும். சாபம் மட்டும் இதிலெல்லாம் பெரும்பாலும் அகப்படாது. மாட்டின பிறகு கழற்ற முடியாத மோதிரம் விரலில் ஏறிவிட்டால், சாபம் நீக்கும் மந்திரம் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

யாருக்கு எது

பல பேர் சேர்ந்து ஆடும்போது பங்கு பிரிப்பதில்தான் மனஸ்தாபம் வரும். இதற்கு ஆன்லைன் கேம்கள் பல ஏற்பாடு செய்து பார்த்துவிட்டன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில், மாட்டிக்கொள்ளத் தேவைப்படுகிறவர் நீட் என்றும், விற்கத்தான் வேண்டும் என்கிறவர் கிரீட் என்றும் அழுத்துவார்கள். நீட் அழுத்தினவர்களுக்கே முன்னுரிமை. எடுத்தவரோடு ஒட்டிக்கொண்டு, கைமாற்ற முடியாமல் போகும் பொருட்களும் உண்டு. அவற்றைச் சந்தையில் விற்க முடியாது.

எங்கள் மேசையில் இப்படி ஒரு பேச்சு நடந்தது. பெட்டியில் ஒரு வளரி. பிறை போல வளைந்த எறி ஆயுதம். சேதுச் சீமையிலும் சிவகங்கைச் சீமையிலும் பேர்போனது, மருது சகோதரர்கள் அதை வீசுவதில் வல்லவர்கள். எங்கள் ஆட்டத்தில் அதன் டேமேஜ், அக்கா மகன் வைத்திருந்த வாளைவிட ஒரு படி அதிகம்.

"மாமா, வளரி எனக்கு. என் வாளைவிட இதுக்கு டேமேஜ் கூட."

"நீ தகடுக் கவசம் போட்டு முன்னால நிக்கிறவன். பூதம் உன் மூஞ்சிக்கு நேரா நிக்குது. எறிய எடம் எங்கடா?"

"அண்ணே, தூரத்துல நிக்கிறது நான்தானே" என்றது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் வேடுவப் பெண்ணாக ஆடுகிறாள். "வளரி எங்கிட்ட வந்தா, பூதம் உன் பக்கத்துல வரதுக்குள்ளயே அதுக்கு ரெண்டு அடி விழும்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான், கொடுத்துவிட்டான். அடுத்த சண்டையில் பூதம் அவனை நெருங்கும்போது பாதி உயிரோடுதான் வந்தது. எண் கூடுதலாக இருந்த ஆயுதத்தை அடுத்தவர் கையில் கொடுத்ததால் அவனுக்கே அடி குறைந்தது. பார்ட்டியாக, அதாவது கூட்டாக, ஆடும்போது உங்கள் எக்விப்மென்ட் உங்கள் உடம்பில் இருப்பது மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவர் கையில் இருப்பதும்தான்.

தீர்ந்துபோகும் பொருட்கள்

மருந்துக் குப்பி, மந்திரச் சுருள், அம்பு. இவற்றைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக் கடைசி வரை தொடாமல் இருப்பவர்கள் எந்த கேமிலும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சாதாரணக் காயக் குப்பி 50 பொற்காசு. 4 பக்கப் பகடை இரண்டு உருட்டி 2 கூட்டினால் வரும் அளவு உயிரை மீட்கும், சராசரி 7. 2014 விதிப்படி குடிப்பதற்கு அந்த முறை அடிக்கும் வாய்ப்பை விட வேண்டும். ஆகவே அதன் உண்மையான விலை காசும் ஓர் அடியும் சேர்ந்தது. விழுந்து கிடக்கும் தோழன் வாயில் ஊற்றினால் அவன் எழுந்து தன் முறையை ஆடுவான், விட்டுக்கொடுத்த அடி திரும்பி வந்துவிடும். கீறலுக்குக் குடிப்பதைவிட இது லாபம்.

வீட்டில் இப்படி ஓர் ஆட்டம் தொடங்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. பல பக்கப் பகடை கையில் இல்லாவிட்டால் 1 முதல் 20 வரை துண்டுச்சீட்டில் எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீர்கள். ஆளுக்கு ஓர் ஆயுதம், ஒரு கவசம் கொடுத்துவிட்டு, எண்ணே எழுதாத பொருள் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்: நாற்பது அடிக் கயிறு, ஒரு வீச்சு வலை, ஒரு கை விளக்கு. எங்கள் பிள்ளைகள் அந்த ராட்சத நண்டைக் கடைசியில் கத்தியாலும் வெல்லவில்லை, கோடரியாலும் வெல்லவில்லை. வலையை வீசிக் கால்களைச் சிக்கவைத்து, கயிற்றை இரண்டு பனையில் சுற்றி இழுத்து, மல்லாக்கப் புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கத்தில் ஓடு எவ்வளவு உறிஞ்சும் என்று என்னிடம் கேட்டார்கள். நான் யோசித்து 2 என்றேன். வேடுவப் பெண் கத்தியை உருவினாள்.